நாற்பது கடந்து மீண்டும் ட்ரம்பெட்: மவுத்பீஸை மாற்றுவதா, ஆட்களைத் தேடுவதா?

#1 மலைக்கோட்டை, திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி நாட்களில் பேண்டில் இரண்டாம் ட்ரம்பெட் வாசித்தவள் நான். கல்லூரி, வங்கி வேலை, பிள்ளைகள் என்று ஆனபிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் கருவி பரணிலேயே கிடந்தது. மூத்தவள் விடுதிக்குப் போனதும் கீழே இறக்கித் துடைத்து மறுபடி வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். விரல்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. உதட்டுக்குத்தான் ஒன்றும் நினைவில்லை.

மூன்று விஷயங்களில் உங்கள் கருத்து தேவை.

ஸ்டாஃபின் (இசை எழுதும் ஐந்து கோடுகள்) மேல் கோட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜி என்ற ஸ்வரம் வரைக்கும் ஏறுகிறேன். அதற்கடுத்த ஏ வேண்டுமென்றால் வெறும் காற்றுதான் வருகிறது. இருபது நிமிடத்தில் உதடு மரத்துப்போகிறது. கையில் இருப்பது கருவியோடு வந்த 7சி மவுத்பீஸ், அதாவது உதட்டில் வைத்து ஊதும் கோப்பை போன்ற முனை; 7சி, 3சி எல்லாம் அதன் அளவுக் குறிகள். 3சி வாங்கினால் ஒலி திரண்டு வரும் என்கிறார் ஒருவர். கோப்பை ஆழம் குறைந்ததாக வாங்கினால் மேல் ஸ்வரங்கள் எளிதாகும் என்கிறார் இன்னொருவர். எதை வாங்கலாம்?

அடுத்தது, நான் இருப்பது அடுக்ககம். கீழ்வீட்டுப் பெரியவர் மாடிப்படியில் நிறுத்தி, "யார் வீட்டில் சாவு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

கடைசியாக, தனியாக ஊதி அலுத்துவிட்டது. திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் என்னைப் போன்றவர்கள் சேர்ந்து வாசிக்கும் இடம் ஏதாவது உண்டா?

#2 வெள்ளிப்பூச்சு, சென்னை

3சி வாங்குங்கள். 7சி தொடக்கநிலை மாணவர்களுக்கானது. நான் மாற்றிய வாரமே வேறுபாடு தெரிந்தது.

#3 பச்மடி_பழையவர், வேலூர்

அம்மா, மவுத்பீஸ் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். பாக் நிறுவனத்தின் அட்டவணைப்படி 7சியின் கோப்பை விட்டம் 16.20 மில்லிமீட்டர். 3சிக்கு 16.30. நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. விளிம்பின் வளைவும் மாறும், உதடு அதை உணரும், அதை மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு ஏ வராமல் தடுப்பது அந்தப் பத்தில் ஒரு பங்கு இல்லை. இருபது ஆண்டு வேலையில்லாமல் இருந்த தசை இப்போதுதான் எழுந்து நிற்கிறது. அதற்கு ஒவ்வொரு மாதமும் ஒரு புதிய விளிம்பைக் கொடுத்தால் எதன்மேலும் அது பழகாது. ஓராண்டுக்கு 7சியைத் தொடாதீர்கள். பிறகு வேண்டுமானால் பேசலாம்.

நான் ராணுவ பேண்டில் கார்னெட்டும் (ட்ரம்பெட்டைப் போன்ற, கொஞ்சம் குட்டையான கருவி) ட்ரம்பெட்டும் வாசித்து ஓய்வு பெற்றவன். பச்மடி இசைப் பள்ளியில் பயிற்சி. அங்கே எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது உரக்க ஊதுவதை அல்ல, மெல்ல ஊதுவதை. நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

காலையில் நடு ஜியை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் கோட்டில் இருப்பது. பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்கக்கூடாது, அவ்வளவு மெல்ல. மூச்சு தீரும்வரை பிடியுங்கள். அமெரிக்க ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டன் குழுவில் கேட் ஆண்டர்சன் என்று ஒருவர் இருந்தார். அவர் எட்டிய உச்ச ஸ்வரங்களை அந்தக் காலத்தில் எட்டியவர்கள் மிகக் குறைவு. அவரே மாணவர்களுக்குச் சொன்ன பயிற்சி இந்த மெல்லிய ஜிதான். கார்னெட் கலைஞர் ஹெர்பர்ட் கிளார்க் 1912ல் வெளியிட்ட பயிற்சி நூலிலும் இதே பிடிவாதம் உண்டு: ஒரே மூச்சில், கேட்டும் கேட்காததுமாக.

அடுத்து, வால்வை (விரலால் அழுத்தும் பொத்தான்) தொடாமல் உதட்டாலேயே கீழ் சியிலிருந்து ஜிக்கும், ஜியிலிருந்து மேல் சிக்கும் போய் வாருங்கள். ஏறும்போது மவுத்பீஸை உதட்டில் அழுத்துகிறீர்களா என்று கண்ணாடியில் பாருங்கள். வாசித்து முடித்ததும் உதட்டில் வட்டமாகச் சிவந்த தழும்பு நெடுநேரம் நின்றால் அழுத்துகிறீர்கள் என்று பொருள். ரத்த ஓட்டம் தடைப்படுவதால்தான் இருபது நிமிடத்தில் மரத்துப்போகிறது.

எவ்வளவு நேரம் ஊதினீர்களோ அவ்வளவு நேரம் கருவியைக் கீழே வைக்க வேண்டும். இதைச் செய்கிறவர்கள் குறைவு. அரை மணி நேரம் என்று வைத்திருந்தால் அதில் பாதி ஓய்வு.

ஆறு மாதம் இப்படி இருந்துவிட்டு அதன்பிறகு கூட்டத்தில் சேருங்கள். பலம் இல்லாத உதட்டோடு கூட்டத்தில் உட்கார்ந்தால், மற்றவர்களுக்கு ஈடு கொடுக்கிறேன் என்று அழுத்தத் தொடங்கிவிடுவீர்கள்.

#4 மூன்றாம்_நாற்காலி, சிங்கப்பூர்

ஐயா சொன்ன பயிற்சிகளில் எனக்கு மறுப்பே இல்லை. வரிசையில்தான் மாறுபடுகிறேன். சகோதரி, ஆறு மாதம் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ஆட்களைத் தேடுங்கள்.

இங்கே சிங்கப்பூரில் 1965ஐ ஒட்டிப் பள்ளிகளில் பேண்டு இயக்கம் தொடங்கியது. 1967லிருந்து இளையர் விழா நடக்கிறது. பேண்டு என்பது இங்கே பிள்ளைகளின் இணைப்பாட நடவடிக்கைகளில் பெரியது. பள்ளி முடிந்து, தேசிய சேவை முடிந்து, வேலைக்குப் போனதும் பலர் கருவியை வைத்துவிடுகிறார்கள். எஞ்சியவர்கள் சமூக மன்றப் பேண்டுகளில் ஒன்றுசேர்கிறோம். எங்கள் குழுவில் பேருந்து ஓட்டுநர் இருக்கிறார், தாதி இருக்கிறார், கணக்காய்வாளர் இருக்கிறார். நான் மூன்றாம் ட்ரம்பெட், அதாவது முதல் இரண்டுக்கும் கீழே தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பகுதி. பல ஆண்டுகளாக மூன்றாம் ட்ரம்பெட்தான், அதுவே எனக்குப் பிடித்த இடம்.

ஏன் என்று சொல்கிறேன். மூன்றாம் பகுதியில் மேல் ஏ கிட்டத்தட்ட வராது. உங்களிடம் இப்போது இருக்கும் ஜி தாராளமாகப் போதும். அதனால் உதடு உடையாமலேயே இசைக்குள் நுழைந்துவிடலாம்.

வீட்டில் டியூனரை (சுருதி காட்டும் கருவி) வைத்துக்கொண்டு நான்காவது இடைவெளியில் இருக்கும் ஈயை ஊதிப் பாருங்கள். முள் எப்போதும் கொஞ்சம் கீழே நிற்கும். கருவி பழுது என்று நினைத்துவிடாதீர்கள். வால்வு அழுத்தாமல் வரும் அந்த ஈ, குழாயின் ஐந்தாவது ஹார்மோனிக், அதாவது குழாய் இயல்பாகவே தரும் ஸ்வரங்களில் ஐந்தாவது. கீபோர்டில் அதற்குரிய ஸ்வரத்தைவிட அது 14 செண்ட் தாழ்ந்தது, அதாவது அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. வீட்டில் தனியாக இருந்தால் அதை மேலே தள்ளித் தள்ளி உதட்டை வதைப்பீர்கள். குழுவில் ஒருவர் சி, ஒருவர் ஜி பிடித்திருக்க, நடுவில் நீங்கள் அதே ஈயைத் தள்ளாமல் விட்டுப் பாருங்கள். மூன்றும் பூட்டிக்கொள்ளும். அறையில் யாரும் ஊதாத ஒரு கீழ் ஸ்வரம்கூடக் காதில் கேட்கும். தனியாக இருந்தபோது பிசகாகத் தெரிந்த ஸ்வரம்தான் அந்த இடத்தில் சரியான ஸ்வரம். எந்தப் பயிற்சி நூலும் எனக்கு இதைக் கற்றுத்தரவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள்தான் கற்றுத்தந்தார்கள்.

அண்டைவீட்டார் பற்றி: நான் வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்ககத்தில் இருக்கிறேன். ஒலியை அடக்கக் கருவியின் வாயில் செருகும் பயிற்சி மியூட் உண்டு, ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள். காற்றுக்கு எதிர்ப்பு கூடும், சுருதியும் கொஞ்சம் ஏறும், நாளாக ஆக இறுக்கிப் பிடித்து ஊதும் பழக்கம் வந்துவிடும். துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நேரே பெல்லை (கருவியின் அகன்ற வாய்) வைத்து ஊதுங்கள். பாதி ஒலி அங்கேயே அடங்கிவிடும்.

#5 தக்கலைக்_கார்னெட், கன்னியாகுமரி மாவட்டம்

அக்கா, எங்கள் பக்கம் வந்தால் உங்களுக்கு ஆள் பஞ்சமே இருக்காது. சபைப் பேண்டு, பங்குப் பேண்டு, இரட்சணிய சேனைப் பேண்டு என்று நாகர்கோவிலைச் சுற்றி எத்தனையோ. இரட்சணிய சேனைக்குப் பேண்டு வந்த கதையே அழகானது. 1878ல் இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் தெருமுனைப் பிரசங்கத்தைக் கலைக்க ரவுடிகள் வந்தபோது, ஃப்ரை என்ற கட்டடக்காரரும் அவருடைய மூன்று மகன்களும் துணைக்குப் போனார்கள். போகும்போது கையோடு கருவிகளையும் எடுத்துப் போனார்கள். அந்த நால்வரும் பகுதிநேரக்காரர்கள்தான். அங்கே தொடங்கியது இன்று தக்கலை வரைக்கும் ஊதிக்கொண்டிருக்கிறது.

நான் பகலில் மின்வாரிய வேலை. தேர்பவனி, கிறிஸ்துமஸ் கேரல் பவனி, ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை என்றால் கார்னெட்.

ஆலயத்தில் வாசிக்க ஆசை இருந்தால் இப்போதே ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். நம் கருவி பி ஃபிளாட். நாம் சி ஊதினால் கீபோர்டில் பி ஃபிளாட் கேட்கும். ஆகவே எல்லாவற்றையும் ஒரு முழுச்சுரம் ஏற்றி வாசிக்க வேண்டும். பாடகர் ஜியில் பாடினால் நமக்கு ஏ மேஜர், மூன்று ஷார்ப். ஈயில் பாடினால் நமக்கு எஃப் ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப். கீபோர்டு தம்பி பொத்தானை அழுத்திச் சுருதியை மாற்றிவிடுவார், நமக்கு அந்த வசதி இல்லை. ஞானப்பாட்டு ஒன்றைப் பன்னிரண்டு சுருதியிலும் வாசித்துப் பழகினால் நூல் பயிற்சியைவிட வேகமாக விரல் திருந்தும். நான் அப்படித்தான் கற்றேன்.

#6 பேண்டு_மாஸ்டர்_மகன், தஞ்சாவூர்

அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வந்தேன்.

என் அப்பா பேண்டு செட் வைத்திருக்கிறார். தாத்தாவும் ஊதியவர். கல்யாண ஊர்வலத்துக்கும் வாசிக்கிறோம், இறுதி ஊர்வலத்துக்கும் வாசிக்கிறோம். "யார் வீட்டில் சாவு?" என்று உங்களிடம் கேட்டவர் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கலாம். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். பறை அடிப்பவரையும் பேண்டு ஊதுபவரையும் திண்ணைக்குக் கீழே நிறுத்தி, சாப்பாட்டைப் பந்தி முடிந்த பிறகு போட்ட பழக்கம் இருக்கிறது. ஒரு மனிதரைக் கடைசியாக வழியனுப்ப வாசிப்பதில் எந்த இழிவும் கிடையாது. அவர் விரும்பிய பாட்டை, அழுகைக்கு நடுவில், சுருதி கலையாமல், வெயிலில் நடந்துகொண்டே வாசிக்க எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த முறை அவர் கேட்டால், "அதற்கும் வாசிக்கத் தெரியவேண்டும் என்றுதான் பழகுகிறேன்" என்று சொல்லுங்கள்.

எங்கள் தொழில் இறங்கிக்கொண்டே வருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. முகூர்த்தம் இருக்கும் மாதங்களிலும் டி.ஜே. வண்டி வந்துவிட்டது, கேரளத்துச் செண்டை மேளம் வந்துவிட்டது. முன்பு பதினைந்து பேர் போன இடத்துக்கு இப்போது எட்டுப் பேர் போகிறோம். எங்களோடு ஊதிய பையன்கள் உணவு விநியோக வேலைக்குப் போய்விட்டார்கள்.

அதனால் சொல்கிறேன், திருச்சியிலிருந்து எங்கள் கொட்டகைக்கு ஒரு மணி நேரப் பயணம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வேலை இல்லாவிட்டால் அப்பா எல்லோரையும் உட்காரவைத்துப் புதுப் பாட்டுப் பழக்குவார். வாருங்கள். ஸ்டாஃப் நோட்ஸ் கிடையாது, எங்களிடம் எல்லாம் ஸ்வரமாகத் தமிழில் எழுதிய நோட்டுப் புத்தகங்கள்தான்.

#7 பச்மடி_பழையவர், வேலூர்

தம்பி எழுதியதில் மரியாதை பற்றிய பகுதியை வரிக்கு வரி ஏற்கிறேன். ராணுவத்தில் நாங்களும் தோழர்களை அடக்கம் செய்யும்போது வாசித்திருக்கிறோம். பியூகிளில் அந்தக் கடைசி அழைப்பை ஊதுகிறவன் கை நடுங்கக்கூடாது. அதைவிடக் கடினமான வாசிப்பு எனக்குத் தெரியாது.

ஆனால் உதட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெருவில் சுவரும் கூரையும் இல்லை. ஒலி திரும்பி வராது. தன் ஒலி தனக்குக் கேட்கவில்லை என்று ஒவ்வொருவரும் இன்னும் உரக்க ஊதுவார்கள். இப்போதுதான் திரும்பி வந்திருக்கும் ஒருவரை அதில் இறக்கினால் உதட்டுத் தசையே கிழியலாம். ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் அப்படித்தான் உதட்டைக் கெடுத்துக்கொண்டார். 1982ல் அந்தக் காயத்தை மருத்துவ இதழில் விவரித்தபோது அவருடைய செல்லப் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

#8 பேண்டு_மாஸ்டர்_மகன், தஞ்சாவூர்

ஐயா, நான் அக்காவை ஊர்வலத்துக்குக் கூப்பிடவில்லை, கொட்டகைக்குத்தான் கூப்பிட்டேன். ஆனாலும் ஊர்வலத்தைப் பற்றியும் சொல்கிறேன். எங்களில் இரண்டு ட்ரம்பெட்டும் சேர்ந்து ஊதுவது பல்லவிக்கு மட்டும்தான். சரணத்தில் ஒருவர் ஊதும்போது மற்றவர் கருவியை இறக்கிவிடுவார். நடுவில் கிளாரினெட் எடுத்துக்கொள்ளும். யூபோனியம் எடுத்துக்கொள்ளும். அப்பா அறுபது தாண்டியும் மூன்று மணி நேர ஊர்வலத்தை முடித்துவிட்டு வீட்டில் வந்து பேரப்பிள்ளைக்கு ஊதிக்காட்டுகிறார். "ஊதிய அளவுக்கு ஓய்வு" என்று நீங்கள் எழுதினீர்களே, அதை நாங்கள் நடந்துகொண்டே செய்கிறோம்.

#9 பச்மடி_பழையவர், வேலூர்

முறை வைத்து ஊதுவது சரியான ஏற்பாடு. உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

#10 வெள்ளிப்பூச்சு, சென்னை

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். மேல்வரிசைப் பல்லுக்குக் கம்பி போடச் சொல்கிறார் மருத்துவர். போட்டால் ட்ரம்பெட் அவ்வளவுதானா? இன்னொன்று, வால்வு ஆயில் தீர்ந்துவிட்டது. தையல் மெஷின் எண்ணெய் விடலாமா?

#11 கோவைப்_பல்_வைத்தியர்

பல் கேள்வி மட்டும் என்னுடையது. நானும் ஊதுகிறேன், மருத்துவமும் பார்க்கிறேன். கம்பி போட்டால் சில மாதங்கள் உயரம் குறையும், உதட்டின் உள்பக்கம் உரசும். மெழுகு வைத்துச் சமாளிக்கலாம். உள்பக்கமாகப் போடும் கம்பி உண்டு, செலவு கூட. கழற்றி மாட்டும் தெளிவான அலைனரும் உண்டு. உங்கள் மருத்துவரிடம் கருவியைக் கொண்டுபோய்க் காட்டி, மவுத்பீஸ் எந்தப் பல்லின்மேல் உட்காருகிறது என்று விளக்குங்கள். பலர் இதைச் சொல்வதே இல்லை.

சிகாகோ சிம்பொனியின் முதல் ட்ரம்பெட்டாக 1948 முதல் 2001 வரை இருந்த அடால்ஃப் ஹெர்செத், 1952ல் நடந்த கார் விபத்தில் முன்பற்களும் உதடும் சிதைந்து மீண்டும் வாசிக்க வந்தவர். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் செட் பேக்கர் பொய்ப்பல் கட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பழகினார். கம்பி ஒன்றும் முடிவு அல்ல.

கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் மட்டும் கண் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஊதுங்கள். மேல் ஸ்வரங்களை உரக்கப் பிடிக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது என்பது அளந்து பார்த்த உண்மை.

#12 பச்மடி_பழையவர், வேலூர்

தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் இரண்டும் வேண்டாம். தடித்துப்போய் அழுக்கைப் பிடிக்கும், வால்வு இறங்கிவிட்டு ஏறாது. இரண்டு நாள் பொறுத்து வால்வு ஆயிலே வாங்குங்கள். வாரம் ஒருமுறை, மவுத்பீஸ் செருகும் முன்குழாய்க்குள் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கொதிநீர் கூடாது, மேற்பூச்சு உரிந்துவிடும். எச்சில் தங்கினால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய் உள்ளே செம்பு மட்டும் மிஞ்சும். வெளியே சின்னச் சிவப்புப் புள்ளியாகத் தெரியும்போது உள்ளே குழாய் அரித்திருக்கும்.

#13 யோர்க்‌ஷயர்த்_தமிழன், இங்கிலாந்து

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், முப்பது வருடமாக இங்கே. எங்கள் கிராமத்து பிராஸ் பாண்டில் பின்வரிசைக் கோர்னெற். இந்த இழையில் "முதலில் உதடா, முதலில் கூட்டமா" என்ற வாதத்தைப் படித்தபோது எழுதத் தோன்றியது. இங்கே அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒருவருக்குக் கோர்னெற் பிடிக்கத் தெரிந்தால் அன்றிரவே பின்வரிசையில் கதிரை போட்டுவிடுவார்கள்.

பிராஸ் பாண்டில் ட்ரம்பெற் கிடையாது, எல்லாம் கோர்னெற். சின்னக் கோர்னெற்றிலிருந்து பெரிய ரியூபா வரை, பாஸ் ட்ரோம்போன் தவிர எல்லாரும் ஒரே ட்ரெபிள் கிளெஃபில்தான், அதாவது ஒரே எழுத்துமுறையில்தான் வாசிப்பார்கள். விரல் அமைப்பும் ஒன்றே, ட்ரோம்போனுக்கு மட்டும் வால்வு இல்லை. ஆகவே ரியூபாக்காரர் சுகவீனமானால் ஹோர்ன்காரர் அங்கே போய் உட்காரலாம். ஆலைத் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் வேலை முடிந்து வந்து வாசிக்கத் தோதான ஏற்பாடு அது.

கிரைம்தோர்ப் சுரங்கத்துப் பாண்ட் 1917ல் தொடங்கியது. 1992 ஒக்டோபரில் சுரங்கங்களை மூடப்போவதாக அரசு அறிவித்த அதே வாரத்தில் அவர்கள் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் தேசியப் போட்டியை வென்றார்கள். அடுத்த வருடம் சுரங்கம் மூடப்பட்டது. பாண்ட் இன்றும் இருக்கிறது.

பெந்தெகொஸ்தே ஞாயிறுக்குப் பின்வரும் வெள்ளிக்கிழமை சாடில்வேர்த் பக்கம் வந்து பாருங்கள். ஒரே மாலையில் பாண்டுகள் பஸ் பிடித்து ஊர் ஊராகப் போகும். ஒவ்வோர் ஊரிலும் தெருவில் ஒரு மார்ச் (அணிநடை மெட்டு) வாசித்து நடந்து, பிறகு நின்று இன்னொரு மார்ச் வாசிக்க வேண்டும். நடுவர் திரைக்குப் பின்னால் இருப்பார். எந்தப் பாண்ட் வாசிக்கிறது என்று அவருக்குத் தெரியாது, காதால் மட்டும் மதிப்பெண் போடுவார். உலகப் புகழ் பெற்ற பாண்டும் எங்கள் கிராமத்துப் பாண்டும் ஒரே தெருவில், ஒன்றன்பின் ஒன்றாக. தஞ்சாவூர்த் தம்பி எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தத் தெருதான் நினைவுக்கு வந்தது. இங்கே பாண்ட் ஊதுகிறவரை ஊரே தங்கள் பிள்ளையாகக் கொண்டாடுகிறது. ஊரில் அதே கருவியை ஊதினவரை எங்கே நிறுத்தினோம் என்பதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

#14 பாதி_வால்வு, பெங்களூரு

ஒரு கிளைக் கேள்வி. யாராவது ட்ரம்பெட்டில் கமகம் முயன்றிருக்கிறீர்களா? வால்வைப் பாதி அழுத்தி வழுக்குவது எனக்கு ஓரளவு வருகிறது, ஒலிதான் மூக்கடைத்துப்போகிறது. ஹரிஹர் ராவிடம் இந்திய இசை கற்ற அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் டான் எல்லிஸ் அறுபதுகளில் கால்சுரத்துக்காக (அரைச்சுரத்தில் பாதி) நான்காவது வால்வு வைத்த கருவியைச் செய்வித்தார். லெபனானில் பிறந்த இப்ராஹிம் மாலூஃப் இன்று வாசிப்பதும் அவருடைய அப்பா வடிவமைத்த நான்கு வால்வுக் கருவி. இன்னொரு ட்ரம்பெட் கலைஞர் மேனார்ட் ஃபெர்குசன் ரிஷிவேலிப் பள்ளியில் சில காலம் இருந்தவர். இவ்வளவு நெருங்கி வந்தும் நம் ஆட்கள் யாரும் இதைத் தொடர்ந்து செய்யவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

#15 மூன்றாம்_நாற்காலி, சிங்கப்பூர்

இது தனி இழைக்கான கேள்வி, தொடங்குங்கள், வந்துவிடுகிறேன். மலைக்கோட்டை சகோதரி தஞ்சாவூர் போனாரா என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

#16 மலைக்கோட்டை, திருச்சி

போனேன். இப்போது ஞாயிறுதோறும் போகிறேன்.

கொட்டகை என்றால் ஓடு வேய்ந்த நீளமான அறை. சுவரில் பழைய சீருடைகள், மூலையில் பேஸ் டிரம். தம்பியின் அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முக்காலியைக் காட்டி, "இரண்டாவதாக உட்காரும்மா" என்றார். நோட்டுப் புத்தகத்தில் தமிழில் ஸ ரி க ம. எனக்கு ஸ்டாஃப்தான் பழக்கம். முதல் வாரம் காதை மட்டும் வைத்துக்கொண்டு முதல் ட்ரம்பெட்டுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு வாசித்தேன். பக்கத்தில் இருந்தவர் பகலில் கொத்தனார். அவர் மூச்சு எடுக்கும்போது தோள் ஏறுவதே இல்லை, இடுப்புப் பக்கம்தான் விரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே வாசித்ததில், கண்ணாடி முன்னால் நின்று பல மாதம் திருத்த முயன்ற என் மூச்சு தானாக இறங்கிவிட்டது.

மூன்றாம் நாற்காலி எழுதிய ஈயையும் கேட்டேன். மெதுவான பாட்டு ஒன்றில் முதல் ட்ரம்பெட் ஜி, யூபோனியம் சி பிடித்திருந்தார்கள். பெரியவர் என்னைப் பார்த்து, "ஏற்றாதே, விடு" என்றார். விட்டேன். அந்த ஒலி என் பல்லிலும் தாடையிலும் அதிர்ந்தது. பள்ளியில் மூன்று ஆண்டு வாசித்திருக்கிறேன், இப்படி ஒன்றை அறிந்ததில்லை.

காலையில் ஐயா சொன்ன மெல்லிய ஜி தொடர்கிறது, புடவை அலமாரிக்கு நேராக. அழுத்தம் குறைந்திருக்கிறது. ஏ சில நாட்கள் வருகிறது. மவுத்பீஸ் வாங்கவில்லை.

கீழ்வீட்டுப் பெரியவரிடம் தம்பி சொன்ன பதிலை அப்படியே சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தன் தகப்பனார் ஊர்வலத்தில் பேண்டு வாசித்த பாட்டு எது என்று எனக்குச் சொன்னார். அதைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது புதிய கேள்வி. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் நாங்கள் நான்கு ட்ரம்பெட்டாக ஏதாவது வாசிக்கலாம் என்று பெரியவருக்கு விருப்பம். அவர்களுக்கு ஸ்வரம் தெரியும், எனக்கு ஸ்டாஃப் தெரியும். இரண்டு பேருக்கும் பொதுவாக, மேல் ஏ இல்லாமல், நல்ல இசையாக எதை எடுக்கலாம்?

#17 பாதி_வால்வு, பெங்களூரு

நோட்டு ஸ்வரம்! முத்துசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார். ஏறக்குறைய நாற்பது இருக்கின்றன. எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், அதாவது நம் மேஜர் ஸ்கேல். கமகம் இல்லை. பேண்டிலிருந்து வந்ததால் பேண்டுக்குத் திரும்பப் போக எந்தத் தடையும் இல்லை. "சந்ததம் பாஹிமாம்" என்பதன் மெட்டு பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. ஸ ரி க ம நூலிலேயே அச்சாகியிருக்கிறது, ஸ்டாஃபில் எழுதுவதும் எளிது. தஞ்சாவூரில் வாசிப்பதற்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? சரபோஜி மன்னரே அரண்மனையில் மேல்நாட்டுக் கருவிகளோடு பேண்டு வைத்திருந்த ஊர்.

#18 பேண்டு_மாஸ்டர்_மகன், தஞ்சாவூர்

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தாத்தா காலத்து நோட்டில் இரண்டு நோட்டு ஸ்வரம் எழுதியிருப்பதாகத் தேடி எடுத்துவிட்டார். தாளம் திஸ்ரமாகப் போகிறது, வால்ட்ஸ் அடி. சைடு டிரம் மெல்ல வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

#19 மூன்றாம்_நாற்காலி, சிங்கப்பூர்

நான்கு பகுதியாக எழுதித் தருகிறேன். முதல் ட்ரம்பெட் மேல் ஜியைத் தாண்டாது. இரண்டும் மூன்றும் ஸ்டாஃபுக்குள்ளேயே. நான்காவது கீழ் சி வரை இறங்கும். கீழ் டி வருகிற இடங்களில் முதல் வால்வும் மூன்றாம் வால்வும் சேரும்போது சுருதி ஏறிவிடும், மூன்றாம் வால்வு ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே தள்ளுங்கள். அந்த இடங்களில் குறி போட்டுவிடுகிறேன். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழே ஸ ரி க ம தமிழில் எழுதிவிடுகிறேன், எழுதப்படும் சியே ஸ. யாரும் யாருக்காகவும் மாற்றி எழுத வேண்டாம்.

#20 தக்கலைக்_கார்னெட், கன்னியாகுமரி மாவட்டம்

நான்காவது பகுதிக்கு ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். சனிக்கிழமை இரவு பஸ் பிடித்தால் ஞாயிறு காலை தஞ்சாவூர்.

#21 பச்மடி_பழையவர், வேலூர்

நானும் ரயிலில் வருகிறேன், கேட்க மட்டும். மகள் வீடு கும்பகோணத்தில் இருக்கிறது. மலைக்கோட்டை அம்மா இரண்டாம் பகுதி என்றால் தொடர்ந்து பதினாறு அளவுக்கு (பார், அதாவது ஸ்டாஃபில் இரண்டு குறுக்குக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) மேல் ஊதவேண்டி வருகிறதா என்று எழுதும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் நான்கு அளவு ஓய்வு விட்டால் போதும்.

#22 மூன்றாம்_நாற்காலி, சிங்கப்பூர்

விட்டிருக்கிறேன் ஐயா, ஒன்பதாம் அளவிலிருந்து பன்னிரண்டு வரை. முதல் இரண்டு நோட்டு ஸ்வரத்தின் தாள்களை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன். நோட்டுப் பலகை கொட்டகையில் இல்லையென்றால் துணி உலர்த்தும் கிளிப்புகள் கொண்டு வாருங்கள், மின்விசிறிக் காற்றில் தாள் பறக்கும்.